நெவேயா: பைபிள் பெயரா, புதுப் பெயரா? பதிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஆர்.சி., நான் சேலம் அஸ்தம்பட்டியில் சி.எஸ்.ஐ. குடும்பம். நான்கு மாதப் பெண் குழந்தைக்கு ‘நெவேயா’ என்று பெயர் வைக்க ஆசை. எபிரேயப் பெயர், ‘பரலோகம்’ என்று அர்த்தம் என ஒரு பெயர்ப் பட்டியலில் இருந்தது. மாமியார், “பைபிளில் இல்லாத பெயர் எதுக்கு? பரலோகத்தைத் தலைகீழாப் போட்டா நரகம்தானே?” என்கிறார். உண்மையில் என்ன பொருள்? கோயிலில் இந்தப் பெயருக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்களா? பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. எப்படி எழுதுவது?

பதில்:

பட்டியலில் இருந்தது பாதி சரி, உங்கள் மாமியார் சொன்னதும் பாதி சரி. பரலோகத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு. எபிரேயத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பைபிளில் ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை தேடினாலும் கிடைக்காது. அதற்காக நரகம் வரை போக வேண்டியதில்லை.

பரலோகத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹெவன்’. எழுத்துக்கூட்டினால் எச்-இ-ஏ-வி-இ-என். இந்த ஆறு எழுத்தையும் கடைசியிலிருந்து எழுதினால் என்-இ-வி-ஏ-இ-எச். பெயர் அவ்வளவுதான். பின்னால் ஒரு வேர்ச்சொல்லோ பழைய கதையோ புனிதரோ கிடையாது. எழுத்தைக் கண்ணால் பார்த்துச் செய்த பெயர் இது, காதால் கேட்டு உண்டானதல்ல. ‘ஹெவன்’ என்ற ஒலியைத் திருப்பிச் சொன்னால் ‘நெவெஹ்’ போல ஏதோ வருமே தவிர ‘நெவேயா’ வராது. இதைப் பிடித்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் சிக்கல்கள் எல்லாம் எங்கிருந்து கிளம்புகின்றன என்பது விளங்கிவிடும்.

புழக்கத்துக்கு வந்த விதம் தெளிவாகவே தெரியும். அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் பி.ஓ.டி. என்ற கிறிஸ்தவ ராக் இசைக்குழு. அதன் பாடகர் சன்னி சாண்டோவல். பிரபலங்களின் வீட்டைச் சுற்றிக்காட்டும் எம்.டி.வி. நிகழ்ச்சியில் 2000-ஆம் ஆண்டு கைக்குழந்தையோடு வந்தவர், மகளின் பெயர் நெவேயா என்றும், அது ஹெவனைத் திருப்பி எழுதியது என்றும் சொன்னார். பெயரைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. அதற்கு முன்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கிறது. ஆனால் 1990களின் கடைசி வரை ஒரு வருடத்தில் இந்தப் பெயர் பெற்ற குழந்தைகள் மிகச் சிலர். நிகழ்ச்சிக்கு அடுத்த வருடம் கதையே மாறிவிட்டது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் பெயர் வரிசையில் 2001-இல் முதல் ஆயிரத்துக்குள் நுழைந்தபோதே பெண் குழந்தைகளில் 266-ஆம் இடம். 2005-இல் 70. 2010-இல் 25, அதுதான் உச்சம், பிறகு இறங்குமுகம். அங்கே இந்தப் பெயர்க்காரப் பெண்களில் மூத்தவர்கள் இன்று கல்லூரி வயதைத் தாண்டிவிட்டார்கள். நம் பக்கம் இப்போதுதான் புதிதாகக் காதில் விழுகிறது.

அப்படியானால் இதை விசுவாசத்தில் வைத்த பெயர் என்று சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். ட்ரினிட்டி, ஜெனெசிஸ், சீயோன் போன்ற பெயர்களையும் அந்தத் தலைமுறை அமெரிக்கப் பெற்றோர் விரும்பி வைத்தார்கள். புனிதர் பெயர், பைபிள் மனிதர் பெயர் என்ற இரண்டு பழைய வழிகளையும் விட்டுவிட்டு, விசுவாசத்தைக் காட்டும் ஒரு சொல்லையே பெயராக்கும் வழக்கம் அது. நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆசீர்வாதம், சமாதானம், அடைக்கலம், விசுவாசம், ஸ்தோத்திரம், பாக்கியம், கிருபை என்று நம் தாத்தா பாட்டிகள் வைத்ததும் இதே வழியில்தான். ஒரே வித்தியாசம், ‘அடைக்கலம்’ என்று கூப்பிட்டால் தெருவில் போகிறவருக்கும் பொருள் புரியும். நெவேயா அப்படியில்லை. பொருள் உள்ளே ஒளிந்திருக்கிறது, விளக்கினால்தான் தெரியும், அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதிக்காட்டினால்தான். வாழ்நாள் முழுக்க உங்கள் மகள் இதை விளக்கிக்கொண்டே இருப்பாள். சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், சிலருக்குச் சலித்துப்போகும்.

அடுத்து எபிரேயக் குழப்பம். எபிரேயத்தில் ‘நெவியா’ என்று ஒரு சொல் உண்மையிலேயே இருக்கிறது. பெண் தீர்க்கதரிசி என்று பொருள். யாத்திராகமம் 15:20-இல் மிரியாமுக்கும், நியாயாதிபதிகள் 4:4-இல் தெபொராளுக்கும், 2 இராஜாக்கள் 22:14-இல் உல்தாளுக்கும் மூலத்தில் வருவது இந்தச் சொல்தான். இதன் ஆண்பால் ‘நாவி’. நம் முஸ்லிம் அண்டைவீட்டார் சொல்லும் ‘நபி’ அரபு மொழியில் இதற்கு உடன்பிறந்த சொல். ஆங்கிலத்தில் நெவியாவை என்-இ-வி-ஐ-ஏ-எச் என்று எழுதுகிறார்கள். நெவேயாவிலிருந்து பார்த்தால் எழுத்து கொஞ்சம்தான் தள்ளியிருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஒன்றின் மொழியையும் மற்றதன் பொருளையும் சேர்த்து ‘எபிரேயம், பரலோகம்’ என்று போட்டால் படிக்கிறவர்கள் நம்பத்தான் செய்வார்கள். எபிரேயத்தில் வானத்துக்கும் பரலோகத்துக்கும் சொல் ‘ஷாமாயிம்’. “ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்” என்ற முதல் வசனத்தில் வானமாக வருவது அதுதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘ஊரானோஸ்’. இரண்டிலும் நெவேயாவின் சாயல்கூட இல்லை. எபிரேயப் பெயர்தான் வேண்டும், தெபொராளின் அடைமொழி பிடித்திருக்கிறது என்றால் நெவியா என்றே வையுங்கள். அது வேறு பெயர், வேறு பொருள், பைபிள் ஆதாரம் உள்ள சொல்.

இப்போது மாமியாரின் நரகத்துக்கு வருவோம். திருப்பி எழுதினால் பொருளும் எதிராகிவிடும் என்ற பயம் அவருக்கு மட்டும் உள்ளதல்ல. ராக் பாடல்களைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்று 1980களில் அமெரிக்கச் சபைகளிலேயே பெரிய பரபரப்பு இருந்தது. வேதத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. எழுத்தை மாற்றி விளையாடுவது பைபிளிலேயே இருக்கிறது. எரேமியா 25:26-இலும் 51:41-இலும் ‘சேசாக்கு’ என்று ஒரு பெயர் வரும். அப்படி ஓர் ஊர் கிடையாது. எபிரேய அரிச்சுவடியில் முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாவதுக்குக் கடைசிக்கு முந்தியது என்று மாற்றிப்போடும் முறையில் ‘பாபேல்’, அதாவது பாபிலோனின் எபிரேயப் பெயர், சேசாக்கு ஆகிறது. 51:41-இல் ஒரே வசனத்தில் சேசாக்கும் பாபிலோனும் அடுத்தடுத்து நிற்கின்றன, ஊர் ஒன்றுதான். எழுத்து மாறியதால் ஊரோ பொருளோ மாறவில்லை. ஆனால் அது பாபிலோனுக்கு எதிரான தீர்க்கதரிசனம் என்பதால் மாமியாரிடம் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது. அவருக்கு ‘விகடகவி’யைச் சொல்லுங்கள். திருப்பி வாசித்தாலும் அதுவே வரும்படி மாலைமாற்று என்று முழுப் பதிகமே சம்பந்தர் பாடியிருக்கிறார். நம் மொழியில் எழுத்தைத் திருப்புவது புலமை, மாந்திரீகம் இல்லை. ஸ்காட்லாந்தில் ‘செங்கா’ என்று ஒரு பெண் பெயர் உண்டு. ஆக்னெஸ் என்ற புனிதையின் பெயரைத் திருப்பி எழுதியது என்பதே பரவலான விளக்கம். கேலிக் மொழியில் ‘மெலிந்த’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அந்தப் பெயருக்காக அங்கே யாரும் பயந்ததில்லை.

பரலோகத்தைப் பெயரில் வைக்கும் ஆசைக்கு நம் மண்ணிலேயே நிறைய வழி இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேலம் பக்கத்தில் கைலாசம் என்ற பெயரை வயதானவர்களிடம் கேட்டிருப்பீர்கள். தாரமங்கலம் கைலாசநாதரை நினைத்து வைத்தது பலருக்கு. வைகுண்டம் உண்டு. முஸ்லிம் வீடுகளில் ஃபிர்தௌஸும் ஜன்னத்தும் தலைமுறைகளாக இருக்கின்றன, இரண்டும் சொர்க்கம்தான். கத்தோலிக்கர்களிடம் ‘விண்ணரசி’ இருக்கிறது. விண்ணகத்துக்கு அரசியான மரியாளின் பட்டம் அது. விண்ணேற்பு ஆகஸ்ட் 15, மரியா அரசி நினைவு ஆகஸ்ட் 22 என்று விழாநாளும் கூடவே வருகிறது. வெளிநாட்டுச் சாயல் வேண்டுமென்றால் செலஸ்டினா. லத்தீனில் வானத்துக்குரியது என்று நேரான பொருள். செலஸ்டின் என்ற பெயரில் திருத்தந்தையரும் உண்டு. ஐந்தாம் செலஸ்டின் 1294-இல் பொறுப்பேற்று அதே வருடம் தானே விலகியவர், 1313-இல் புனிதர் பட்டம் பெற்றார், நினைவு நாள் மே 19. சி.எஸ்.ஐ. பக்கம் பிடித்தமானது பெத்தேல். ஆதியாகமம் 28:17-இல் யாக்கோபு விழித்தெழுந்து, இது தேவனுடைய வீடு, வானத்தின் வாசல் என்று சொன்ன இடம். வீட்டு வாசலிலும் சபைப் பலகையிலும் பார்த்துப் பழகியதால் ஆள் பெயராக வைக்கப் பலருக்குத் தோன்றுவதில்லை.

நம் முன்னோர் அந்நியப் பெயரை எடுத்தால் பொருளைத் தமிழில் பெயர்த்தே எடுத்தார்கள் என்பது ஒரு சுவையான விஷயம். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர், சின்னப்பன். யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார், அதனால் அருளப்பர், அருளப்பன். மாசின்றிக் கருவில் உருவானவள் என்ற மரியாளின் பட்டம் அமலோற்பவம் ஆனது. அந்த வழியில் நெவேயாவைப் பெயர்க்க முடியாது. ‘விண்ணகம்’ என்பதைத் திருப்பினால் ‘ம்கணண்வி’ என்று வாயில் நுழையாத ஒன்றுதான் வரும்.

கோயில் விஷயம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில், பிரிவு 761-இன்படி, குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் இருக்கப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் கேட்காவிட்டால் அவரே ஒரு புனிதர் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சேலம் மறைமாவட்டம் 1930-இல் அமைந்தபோது நடப்பில் இருந்தது அந்தச் சட்டம். உங்கள் மாமியார் வயதுக்காரர்களுக்கு ஞானஸ்நானம் நடந்ததும் அதன்படிதான். எனவே புனிதர் பெயர் இல்லாமல் ஆகாது என்று அவர் நினைப்பது பிடிவாதம் அல்ல, அவர் காலத்துச் சட்டமே அது. 1983 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. பிரிவு 855 கேட்பது ஒன்றுதான்: கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வைக்கப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பரலோகத்தைக் குறிக்கும் பெயர் அந்த வரம்புக்குள் வருவதில் சிக்கலே இல்லை. ஆனால் பெயரைக் கேட்டவுடன் எந்தப் பங்குத்தந்தைக்கும் பொருள் தெரியப்போவதில்லை. தேதி கேட்கப் போகும்போதே ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக்காட்டிச் சொல்லிவிடுங்கள். ஞானஸ்நானத் தொட்டி அருகில் நின்று விளக்குவதைவிட அது நல்லது.

உங்களுடையது கலப்புக் குடும்பம் என்பதால் பெயரைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆர்.சி. கோயிலில் ஞானஸ்நானம் என்றால் ஞானப்பெற்றோரில் ஒருவராவது கத்தோலிக்கராக, நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றவராக, 16 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். சி.எஸ்.ஐ.யில் இருக்கும் உங்கள் அக்காவோ தங்கையோ ஞானத்தாயாக நிற்க முடியாது. கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். இதைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டு மனத்தாங்கல் வரும் குடும்பங்கள் உண்டு. சி.எஸ்.ஐ.யில் பெயருக்கென்று இப்படி ஒரு விதி இல்லை, சபைப் போதகரிடம் சொன்னால் போதும். ஒரு சபையில் கொடுத்த ஞானஸ்நானத்தை மற்றதில் திரும்பக் கொடுக்கும் வழக்கமும் கிடையாது. எந்தப் பக்கம் என்பதை வீட்டில் முதலில் பேசி முடித்துவிடுங்கள்.

என் யோசனை, ‘நெவேயா மரியா’ என்று இரண்டு சொல்லாக வையுங்கள். மாமியாருக்குப் புனிதர் பெயர் கிடைத்துவிடும், பிள்ளைக்குக் கொண்டாட ஒரு விழாநாள் கிடைத்துவிடும், நாளைக்கு நெவேயா பிடிக்காமல் போனால் மரியா என்று அழைத்துக்கொள்ள அவளுக்கும் ஓர் இடம் இருக்கும். ‘நெவேயா செலஸ்டினா’ காதுக்கு இன்னும் அழகு, இரண்டும் பரலோகம்தான். ஆனால் படிவத்தில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பார்த்தால் கை வலிக்கும். எதை வைத்தாலும் சரி, கோயில் பதிவேட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நற்கருணை, உறுதிபூசுதல், திருமணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டுப்பெயர் ஒன்று, கோயில் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று மூன்றாக இருந்தால் கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன் அலைச்சல் நிச்சயம்.

பிறப்புப் பதிவு பிறந்த இடத்தில்தான் நடக்கும், குடியிருக்கும் இடத்தில் அல்ல. ஏற்காட்டுக்காரர்களில் பலர் பிரசவத்துக்குச் சேலம் இறங்குகிறார்கள். மாநகராட்சி எல்லைக்குள் ஒரு மருத்துவமனையில் பிறந்திருந்தால் பெயர் சேர்க்கவும் சேலத்துக்குத்தான் போக வேண்டும். ஏற்காட்டு அலுவலகத்தில் கேட்டால் கீழே போகச் சொல்வார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதை மருத்துவமனை செய்திருக்கும். பெயர் சேர்க்க, பதிவான தேதியிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் போல இருக்கிறது. அவசரப்படாதீர்கள், அதற்காகப் பள்ளிச் சேர்க்கை வரை தள்ளவும் வேண்டாம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

ஒருமுறை சேர்த்துவிட்டால் மனம் மாறி வேறு பெயர் போட முடியாது. 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பிழைத்திருத்தத்துக்கு மட்டும் இடம் தருகிறது, பெயர் மாற்றத்துக்கு அல்ல. பெயரையே மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ் வழிதான்.

எழுத்துப்பிழை இந்தப் பெயருக்கு மற்ற பெயர்களைப் போல் சின்ன விஷயம் அல்ல. இதில் அதிகம் நடக்கும் தவறு, நடுவில் வரும் ‘ஏ-இ’யை ‘இ-ஏ’ என்று மாற்றித் தட்டுவது: என்-இ-வி-இ-ஏ-எச். காரணம் இருக்கிறது. லேயாள் ஆங்கிலத்தில் ‘இ-ஏ-எச்’ என்று முடிகிறாள், தட்டச்சு செய்கிறவரின் விரல் அதற்குப் பழகியது. மைக்கேல் என்ற பெயர் எத்தனை சான்றிதழில் ஏ-வும் இ-யும் இடம் மாறி நிற்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். மைக்கேலில் மாறினால் மைக்கேல் மைக்கேல்தான். நெவேயாவில் மாறினால், திருப்பி வாசிக்கும்போது எச்-ஏ-இ-வி-இ-என் என்று வரும். அப்படி ஒரு சொல்லே கிடையாது. பரலோகம் போய்விட்டது, வெறும் ஓசை மிஞ்சும். படிவத்தில் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதுங்கள். கணினியில் ஏற்றியதும் திரையைக் காட்டச் சொல்லி, வலமிருந்து இடமாக வாசித்துப் பாருங்கள். ‘ஹெவன்’ வந்தால் சரி. இந்தப் பெயரில் பிழை பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. அச்சாகி வந்த பிறகும் ஒருமுறை பாருங்கள். அன்றே சொன்னால் அன்றே முடியும் வேலை, ஆறு மாதம் கழித்துப் போனால் மனு, அடையாளச் சான்று, அலைச்சல்.

எண்கணிதம் பார்க்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள். ஒரு ‘ஏ’ கூட்டு, இரண்டு ‘எச்’ போடு என்பார்கள். அனிதாவுக்கு ஓர் எழுத்து கூடினால் நட்டமில்லை. இதில் கூடினால் பெயரின் பொருளே காலி. இந்தக் கணக்கு வழக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. என் 5, இ 5, வி 6, ஏ 1, இ 5, எச் 5, மொத்தம் 27, கூட்டினால் 9. செவ்வாய் எண் என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள், மாற்றச் சொல்ல வாய்ப்பு குறைவு. எழுத்து அதேதான் என்பதால் ஹெவனுக்கும் இதே 27.

தமிழில் ‘நெவேயா’ என்றே எழுதுங்கள். அமெரிக்கர் உச்சரிப்பு ‘நெ-வே-அ’, அழுத்தம் நடுவில். தமிழில் ஏகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வரலாம் என்கிறது நன்னூல். ‘நெவேவா’ நாக்கில் நிற்காது, ‘நெவேயா’ தானாக வரும். ‘நெவாயா’, ‘நேவியா’, ‘நிவேயா’ என்று ஆளுக்கொரு விதமாக எழுத விடாதீர்கள். குறிப்பாக ‘நி’ வேண்டாம். பள்ளியில் அடுத்த நாளே ‘நிவியா’ என்று முகத்துக்குப் பூசும் கிரீமின் பெயரை ஒட்டிவிடுவார்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரை போகாது. அது லத்தீனில் பனி போல் வெண்மையான என்ற சொல்லிலிருந்து வந்தது, கேலிக்குரியது அல்ல என்று பிள்ளை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு பக்கம் காது மங்கிய பெரியவர்களுக்கு இது ‘நவ்யா’ என்று கேட்கும். சமஸ்கிருதத்தில் புதியவள், நல்ல பெயர்தான், ஆனால் வேறு பெயர். நேரில் சொல்லிப் பழக்குங்கள். அம்மாயி வாயில் அது ‘நேவா’ ஆகிவிட்டால் அதை வீட்டுப்பெயராக ஏற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். கூப்பிடவும் சுலபம்.

ஆதாரில்தான் தமிழ் எழுத்து கெட்டுப்போகும். ஆங்கிலத்தில் தட்டியதும் தமிழ்க் கட்டத்தில் கணினி தானாக நிரப்புவது ‘நெவாஎஹ்’ போல ஏதோ ஒன்றாக இருக்கும். பதிவு மையத்தில் இருப்பவர் அதைக் கையால் திருத்த முடியும், ஆனால் கேட்டால்தான் செய்வார். ‘நெவேயா’ என்று தமிழில் எழுதிய தாளைக் கையில் கொண்டுபோய் வைத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கும் முன் திரையில் இரண்டு மொழியையும் பாருங்கள். ஆதாரில் பெயரைத் திருத்த ஆயுளுக்கு இரண்டு தடவைதான் வாய்ப்பு. அதில் ஒன்றைக் குழந்தைப் பருவத்திலேயே செலவழிக்க வேண்டாம். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை பதியப் போகும்போதும் தமிழ் எழுத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். ‘நெவேயா’ என்று ஒற்றைப் பெயராக மட்டும் பாஸ்போர்ட் எடுத்தால் சில நாடுகளில் விசாவுக்கு இழுபறி வரும்; ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயருக்குச் சுற்றுலா, வருகை விசா கிடையாது என்று கட்டுப்பாடு போட்டது. பெயரோடு மரியா இருந்தால், அல்லது அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் முழுதாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்பா பெயர் அந்தோணிசாமி, ஆரோக்கியசாமி போல நீளமாக இருந்தால், அவருடைய ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே குழந்தைக்கும் போடுங்கள். ஆரோக்கியத்தில் ‘ஐ’ போடுவதா ‘ஒய்’ போடுவதா, ‘கே’ ஒன்றா இரண்டா என்ற இடத்தில்தான் இந்த மாதிரி விண்ணப்பங்கள் பெரும்பாலும் திரும்பி வருகின்றன.